தமிழுக்கு வந்துவிட்டதா

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால்
களனி கங்கை கடைசியாக வளைகிற இடத்தில்
கப்டன் ஒக்டேவியஸ் டி வோஸுக்கு ஒரு கல்.
ஆளுயரக் கருங்கல். பக்கத்தில் சிமெந்து நங்கூரம்.
சங்கிலி மட்டும் நிஜ இரும்பு;
திறப்புவிழாப் பந்தலைக் கழற்றுமுன்னமே அது
பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

இந்த ஆற்றில் முதன்முதல் நீராவிப் படகு விட்டவராம்.
ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி
பாகம் பாகமாய் அடிமணலை விசாரித்து
அவிசாவளை மட்டும் போய்
ஒரு படம் வரைந்து வந்தவராம்.
அடுத்த மாரிக்கு மணல் இடம் மாறிவிட்டது.
மறுபடி போனார், மறுபடி வரைந்தார்.
பதினொரு படங்கள். பதினொரு ஆறுகள்.
இதொன்றும் கல்லில் இல்லை.
விழாவன்று தந்த துண்டுப்பிரசுரத்தில் இருந்தது,
கடலை சுற்றாமல் வைத்திருக்கிறேன்.

கல்லில் மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம்,
அடியில் தமிழ்.
அதுவும், 'ஆற்றுப் போக்குவரத்தின் முன்னேடி.'
கால் விடுபட்டால் எப்படி ஐயா ஓடுவது?
எனக்குக் கோபம் வந்தது.
நூருல் ஹவ்வா சொன்னாள்:
விடு ஜெசிந்தா, எங்களுக்கு எப்பவும் அடிவரிசைதானே.

அடியில் இருப்பதன் பயன்
வைகாசி மழையில்தான் விளங்கியது.

ஹங்வெல்லயில் இத்தனை மீட்டர் என்று ரேடியோ சொல்லும்.
அந்த மீட்டரை என் கட்டில் காலுக்கு
மொழிபெயர்க்க ஆளில்லை.
கல் சொல்லும்.
தண்ணீர் அவர் இறந்த ஆண்டைத் தொட்டால்
அரிசி வாளியை அலுமாரிக்கு மேலே ஏற்று.
முன்னேடி நனைந்தால்
அடையாள அட்டை, பிறப்புச் சான்றுகள்,
ஹவ்வாவின் தையல் மெசின் தலை.
தமிழில் அவர் பெயர் முழுகினால்
கதவைப் பூட்டிக்கொண்டு நிற்காதே,
பாடசாலைக்கு நட.

ஆங்கிலம் இதுவரை நனைந்ததில்லை.
ஒரு கபரகொய்யா மட்டும் அதுவரை ஏறி
அவர் பிறந்த ஊரில் வாலை வைத்துக்கொண்டு
விடியும்வரை கிடந்தது.

இரவு ஒன்றரைக்குப் போன் அடிக்கும்.
மேட்டு வரிசையிலிருந்து லலிதாங்கனி அக்கா.
"தெமளட்ட ஆவத?"
தமிழுக்கு வந்துவிட்டதா?
வேறொரு ஆடியில், வேறு வாய்கள் கேட்டிருந்தால்
உடம்பு விறைத்திருக்கும் அந்தக் கேள்விக்கு.
நான் டோர்ச்சோடு படியில் நிற்கிறேன்,
முழங்காலில் சல்பீனியா ஒட்டியிருக்கிறது.
இன்னும் ஒரு வரி இருக்கு அக்கா.
பிள்ளைகளை எழுப்பிவிடுங்கோ.

போன கிழமை மாநகரசபையிலிருந்து ஒரு தம்பி வந்தார்,
மஞ்சள் ஹெல்மெட், அளவு நாடா.
சின்னத்தில் சேறு படுகிறதாம்.
மூன்றடிப் பீடம் கட்டி உயர்த்தப் போகிறார்களாம்.
எழுத்துப்பிழையையும் திருத்துவார்களாம்,
அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பரிசு கொடுக்கிற களை.

காலைப் போடுங்கோ தம்பி என்றேன்.
கல்லைத் தூக்காதேங்கோ.
மூன்றடி நீங்கள் உயர்த்தினால்
மூன்றடி பிந்தித்தான் நாங்கள் எழும்புவோம்.

அவர் ஹவ்வாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்,
'பிரதேசவாசிகள் ஆட்சேபம்' என்று
கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.
ஆட்சேபத்தில் எழுத்துப்பிழை இல்லை.

பின்னேரம், எதற்கும் இருக்கட்டும் என்று
சீலை காயப்போடுகிற கொடியை அவிழ்த்து
நுனியில் அம்மிக் குழவியைக் கட்டி
படகுத்துறை மரத்திலிருந்து இறக்கினோம்.
ஹவ்வா கையை விரித்து விரித்து அளந்தாள்.
அவளுக்குக் கை கட்டை,
அதனால் என் கையாலும் ஒருதரம்.

துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில்
திகதி போட்டு எழுதியிருக்கிறேன்:
என் கைக்கு இரண்டு பாகம்,
அவள் கைக்கு இரண்டு பாகமும் ஒரு சாணும்.